கம்பெனி என்னும் சொல்



நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆங்கில ஆசிரியர் ஒரு நாள் ஐந்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றைத் தமிழில் பெயர்த்து வருமாறு பணித்தார். நான்கு வாக்கியங்கள் எனக்குத் தொல்லை தரவில்லை. ஐந்தாவது வாக்கியம் 'ஹி கீப்ஸ் பேட் கம்பெனி' என்பது. அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை. ஆகவே, 'அவன் ஒரு மோசமான கம்பெனியை வைத்து நடத்துகிறான்' என்று தயங்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்காலத்தில் நான் அறிந்த கம்பெனிகள் இரண்டே. ஒன்று எங்கள் ஊர்க் கோடியில் இருந்த தீப்பெட்டிக் கம்பெனி. மற்றொன்று திருவிழாக் காலத்தில் ஊருக்கு வரும் நாடகக் கம்பெனி. அந்த மனிதன் இவ்விரண்டில் எதை மோசமாக நடத்தினான் என்பதே எனக்கு எழுந்த ஐயம்!

ஆசிரியர் என் விடையை வகுப்பில் உரக்கப் படித்தார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், பிறகு என்னை அருகே அழைத்து, "தம்பி, இந்தச் சொல்லுக்குள் ஒரு ரொட்டி இருக்கிறது. அதைக் கண்டுகொண்டாயானால் பொருள் தானே விளங்கும்" என்றார். நான் அச்சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், ரொட்டி தென்படவில்லை. மறுநாள் அவரே அதை எடுத்துக் காட்டினார். பின்னர்க் கல்லூரியில் இந்திய வரலாறு பயின்ற காலத்தில், அந்த ரொட்டி எங்கே தொலைந்தது என்பதையும் அறிந்துகொண்டேன். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அச்சொல் ஆங்கிலத்தில் வழங்கும் முறையைக் காண்போம். கம்பெனி என்னும் சொல்லுக்கு இரு பெரும் பொருள்கள் உண்டு. ஒன்று, உடனிருத்தல். மற்றொன்று, உடனிருப்போரின் கூட்டம்.

நண்பர் ஒருவரோடு மாலைப் பொழுதைக் கழித்துவிட்டு விடைபெறுகிறோம். 'ஐ என்ஜாய்ட் யுவர் கம்பெனி' என்று சொல்கிறோம். உங்களோடு இருந்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது என்பது பொருள். நோயுற்ற ஒருவரிடம், 'ஐ ஷல் கீப் யூ கம்பெனி' என்றால், உங்களுக்குத் துணையாக இருப்பேன் என்பது பொருள். இல்லத்தரசி ஒருத்தி, 'வி ஹாவ் கம்பெனி' என்று சொன்னால், வீட்டுக்கு விருந்தினர் வந்திருக்கிறார்கள் என்று அறிய வேண்டும். 'பார்ட் கம்பெனி' என்பது பிரிந்து செல்லுதலைக் குறிக்கும். கருத்தில் வேறுபடுதலையும் குறிக்கும். இவை யாவும் உடனிருத்தல் என்னும் முதற்பொருளைச் சார்ந்தவை.

இனி இரண்டாம் பொருள். வணிக நிறுவனம் ஒரு கம்பெனி. நாடகக் குழு ஒரு கம்பெனி. படையிலே ஒரு காப்டனின்கீழ் அணிவகுக்கும் ஏறக்குறைய நூறு வீரர்களைக் கொண்ட பிரிவும் கம்பெனியே. ஒரு கப்பலில் பணிபுரியும் மாலுமிகள் அனைவரையும் சேர்த்துக் கப்பலின் கம்பெனி என்பர். கடைப் பலகைகளில் ஒருவர் பெயருக்குப் பின்னே 'அண்ட் கோ' என்று காண்கிறோம். அந்தக் 'கோ' என்பது கம்பெனி என்பதன் சுருக்கம். இன்னாரும் அவருடன் சேர்ந்த மற்றவரும் என்பது அதன் கருத்து.

இவ்விரு பொருளையும் பிரித்தறியச் சிறியதோர் அடையாளம் உண்டு. உடனிருத்தல் என்பது எண்ணத்தக்க பொருளன்று. ஆகவே அப்பொருளில் சொல்லின்முன் 'எ' என்னும் சுட்டு வருவதில்லை. கூட்டத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். ஆகவே அங்கே அது வரும். 'ஹி ஹாஸ் கம்பெனி' என்றால் அவரோடு யாரோ இருக்கிறார்கள். 'ஹி ஹாஸ் எ கம்பெனி' என்றால் அவருக்கு ஒரு நிறுவனம் இருக்கிறது. ஓர் எழுத்து ஒரு மனிதரை முதலாளி ஆக்கிவிடுகிறது! என் விடையில் நேர்ந்த பிழையும் இதுவே. ஆசிரியர் எழுதிய வாக்கியத்தில் இல்லாத 'எ'யை நான் என் மனத்திலிருந்து எடுத்து அங்கே வைத்துவிட்டேன்.

இவ்வளவு வேறுபட்ட பொருள்கள் ஒரு சொல்லில் எவ்வாறு வந்து கூடின? இதற்கு விடை ஆசிரியர் சொன்ன ரொட்டியிலே இருக்கிறது. இலத்தீன் மொழியில் 'பானிஸ்' என்பது ரொட்டி. 'கும்' என்பது உடன் என்னும் பொருளது. அது பிற சொற்களோடு சேரும்போது 'கொம்' என்று திரியும். இரண்டும் கூடிப் பிற்கால இலத்தீனில் 'கொம்பானியோ' என்னும் சொல் பிறந்தது. உடன் ரொட்டி உண்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஜெர்மானிய இனத்தைச் சேர்ந்த காத்தியரின் மொழியிலும் இதே அமைப்புடைய சொல் ஒன்று இருந்தது. 'கஹ்லைபா' என்னும் அச்சொல்லில் உள்ள 'ஹ்லைப்' என்பதும் ரொட்டியையே குறிக்கும். அத்தகைய ஜெர்மானியச் சொல்லைப் பார்த்தே இலத்தீன் சொல் அமைந்தது என்று மொழிநூலார் பலர் கருதுவர்.

இலத்தீனிலிருந்து அச்சொல் பிரெஞ்சு மொழிக்குச் சென்றது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், எண்ணற்ற பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. அவற்றோடு கம்பெனியும் வந்தது. தோழனைக் குறிக்கும் கம்பானியன் என்னும் சொல்லும் வந்தது. இவை வருவதற்கு முன்பே ஆங்கிலேயர் ரொட்டியைக் கொண்டு உறவை அளந்தவர்களே. பிரபுவைக் குறிக்கும் 'லார்டு' என்பது பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காப்பவன் என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. 'லேடி' என்பதோ ரொட்டிக்கு மாப் பிசைபவள் என்னும் பொருளிலிருந்து வந்தது. காப்பவன் ஒருவன், பிசைபவள் ஒருத்தி, உடன் உண்பவர் பலர். பண்டைய ஐரோப்பியர் வாழ்க்கை இம்மூன்று சொற்களில் அடங்கியிருக்கிறது.

நம் தமிழிலும் இதற்கு ஒப்பான சொல் ஒன்று உண்டு. அது பங்காளி என்பது. பங்கை உடையவன் பங்காளி. ஒரே குடும்பச் சொத்தில் உரிமையுடைய உறவினரை அவ்வாறு அழைக்கிறோம். பங்கு சரியாகக் கிடைத்தால் பங்காளி உறவினன். பங்கில் வஞ்சனை நேர்ந்தால் பங்காளி பகைவன். ஆதலால்தான் பங்காளிச் சண்டை என்பது நம் நாட்டில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. கம்பெனியின் வரலாற்றைக் கேட்கும்போது இந்தப் பங்காளியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைக்கால இலண்டன் நகரில் ஒவ்வொரு தொழிலைச் செய்தோரும் ஒரு சங்கமாகக் கூடினர். பொன் வணிகர், மீன் வணிகர், உப்பு வணிகர், ரொட்டி சுடுவோர் ஆகியோரின் சங்கங்கள் நாளடைவில் கம்பெனிகள் என்று பெயர் பெற்றன. அவற்றுள் யார் முன்னே, யார் பின்னே என்னும் பூசல் வலுத்தமையால், 1515ஆம் ஆண்டில் ஒரு வரிசை முறை வகுக்கப்பட்டது. அதில் முதலிடம் துணி வணிகரான மெர்சர்களுக்குக் கிடைத்தது. இக்கம்பெனிகள் தமக்கென மண்டபங்களை அமைத்துக்கொண்டன. உறுப்பினர் அங்கே கூடி விருந்துண்டனர். நலிந்த உறுப்பினருக்கும் கைம்பெண்களுக்கும் உதவி செய்தனர். இங்கே சொல்லும் ரொட்டியும் பிரியாமல் ஒன்றாகவே இருந்தன.

நாடகக் கலைஞரிடத்திலும் அவ்வாறே. 1594இல் இலண்டனில் அமைந்த ஒரு நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியர் நடிகராகவும் ஆசிரியராகவும் மட்டும் இருக்கவில்லை. அவர் ஒரு பங்காளியாகவும் இருந்தார். செலவையும் ஆதாயத்தையும் பங்காளிகள் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். அக்குழு 1603இல் மன்னரின் பெயரைத் தாங்கிய குழுவாயிற்று.

இனி, இச்சொல் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த கதைக்கு வருவோம். 1600ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் எலிசபெத் அரசியார் ஒரு பட்டயம் வழங்கினார். கீழ்த்திசை நாடுகளோடு வாணிகம் செய்ய விழைந்த இலண்டன் வணிகர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் அப்பட்டயத்தால் ஒரு கம்பெனி ஆயினர். நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே உள்ள நாடுகளோடு வாணிகம் செய்யும் தனியுரிமை பதினைந்து ஆண்டுகளுக்கு அவர்களுக்கு அளிக்கப்பட்டது. 1601இல் ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் முதற் பயணம் புறப்பட்டது. 1603இல் மிளகுடன் திரும்பியது. தொடக்கத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே பணம் திரட்டினர். கப்பல் திரும்பியதும் கணக்குப் பார்த்துப் பகிர்ந்துகொண்டனர். ஒரே மேசையில் அமர்ந்து ஒரு ரொட்டியைப் பிட்டுக்கொள்வது போன்ற ஏற்பாடு அது எனலாம்.

1657இல் இந்த ஏற்பாடு நிலையாக மாறியது. பங்கு முதல் நிரந்தரமாயிற்று. பங்கை வாங்கலாம், விற்கலாம். கப்பலையோ மிளகையோ இந்தியாவையோ கண்ணால் காண வேண்டியதில்லை. ஒரு பங்குதாரர் மற்றொரு பங்குதாரரின் முகத்தை அறிய வேண்டியதுமில்லை. உடன் உண்பவன் என்று பிறந்த சொல், ஒருவரை ஒருவர் அறியாதார் கூட்டத்துக்குப் பெயராயிற்று. இதனால் பெருமுதல் திரண்டது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் பொறுப்பு சிதறிப் போனது என்பதையும் மறக்க இயலாது.

தமிழ்க் கடற்கரை இச்சொல்லை ஒருவர் வாயிலாக மட்டும் கேட்கவில்லை. 1602இல் டச்சுக்காரரும், 1616இல் டேனியரும், 1664இல் பிரெஞ்சுக்காரரும் தத்தம் கீழ்த்திசைக் கம்பெனிகளை அமைத்தனர். டச்சுக்காரர் பழவேற்காட்டிலும், டேனியர் தரங்கம்பாடியிலும், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் வந்து தங்கினர். 1639இல் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயர் தாமர்ல வேங்கடப்பரிடம் மானியம் பெற, அந்த மணற்கரையில் ஜார்ஜ் கோட்டை எழுந்தது.

நம் முன்னோர் இச்சொல்லைக் கும்பினி என்று வழங்கினர். அதனோடு நிற்காமல் 'ஆர்' விகுதி சேர்த்துக் கும்பினியார் என்றனர். வடநாட்டார் கம்பெனி பகதூர் என்றனர். ஒரு வணிகச் சங்கத்தை ஓர் ஆளாகவும், அதிலும் மதிப்புக்குரிய ஓர் அரசராகவும் மக்கள் எண்ணினர் என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன. மக்கள் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஏனெனில் அந்தச் சங்கம் படை வைத்திருந்தது. 1748இல் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் சென்னைப் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டுகளில் சிப்பாய்கள் கம்பெனி கம்பெனியாக அணிவகுக்கப்பட்டனர். வணிகர் கம்பெனி ஒன்று போர்வீரர் கம்பெனிகள் பலவற்றை வைத்து ஆண்டது! 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், ஒரு மன்னரின் ஆணையால் அன்று, கும்பினியாரின் அதிகாரத்தால் அதைச் செய்தார்.

கம்பெனி தன் பெயரின் பொருளை முற்றும் இழந்த இடத்தை நீங்கள் அறிய விரும்பினால், வங்காளத்தைப் பார்க்க வேண்டும். 1757இல் பிளாசிப் போர் நிகழ்ந்தது. 1765இல் வங்காளம், பீகார், ஒரிசா ஆகிய நாடுகளில் வரி தண்டும் திவானி உரிமையை மொகலாயப் பேரரசர் கம்பெனிக்கு அளித்தார். நான்கு ஆண்டுகள் சென்றன. மழை பொய்த்தது, 1769, 1770 ஆண்டுகளில் கொடும் பஞ்சம் வங்காளத்தைச் சூழ்ந்தது. நெல் விளைந்த நாட்டில் மக்கள் இலையையும் புல்லையும் தின்று மாண்டனர். பிறகு ஆட்சிப் பொறுப்பேற்ற வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் இலண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்துக் குறிப்பிட்டார். மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மடிந்தனர் என்பது ஒன்று. 1771ஆம் ஆண்டின் நிகர வரி வருமானம், பஞ்சத்துக்கு முந்திய 1768ஆம் ஆண்டின் வருமானத்தையும் விஞ்சியது என்பது மற்றொன்று.

மாணவர்களே, இவ்விரண்டு செய்திகளையும் ஒருங்கே வைத்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள். மாண்டவன் வரி கொடுக்க மாட்டான். அவன் கொடுக்க வேண்டியதை உயிரோடிருந்த அண்டை வீட்டானிடம் வாங்கினார்கள் என்பதன்றி வேறு விளக்கம் இல்லை. உடன் ரொட்டி உண்போர் என்று பெயர் கொண்டவர்கள், பட்டினி கிடந்தவன் கையிலிருந்த கவளத்தையும் பறித்தனர். கல்லூரியில் இப்பகுதியைப் படித்த அன்று, பள்ளியில் நான் எழுதிய விடை என் நினைவுக்கு வந்தது. மோசமான கம்பெனி என்று நான் எழுதியது ஆங்கிலப் பாடத்தில் பிழையாக இருக்கலாம். வரலாற்றில் அது பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது என்று உணர்ந்தேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சிய கதையைச் சுருங்கச் சொல்வேன். 1773இல் ஆங்கிலப் பாராளுமன்றம் கம்பெனியைக் கட்டுப்படுத்தத் தலைப்பட்டது. 1813இல் இந்திய வாணிகத்தில் அதற்கிருந்த தனியுரிமை நீங்கியது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வாணிகத்தையே முற்றிலும் நிறுத்திவிட்டது. அதன் பின்னும் அது கம்பெனி என்ற பெயரோடு ஆட்சி செய்தது. வாணிகம் செய்யாத வணிகக் குழு அது! அதன் பங்குதாரருக்கு ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்தரை வீதம் ஆதாயம் தர வேண்டும் என்றும், அத்தொகையை இந்திய நாட்டு வரியிலிருந்தே எடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. இலண்டனில் வீட்டில் அமர்ந்திருந்தவர் உண்ட ரொட்டிக்கு, இந்திய உழவன் விலை கொடுத்தான். 1857இல் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1858இல் ஆட்சி அரசியாரிடம் சென்றது. 1874ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் கம்பெனி கலைக்கப்பட்டது.

ஆனால், சொல் கலைந்துவிடவில்லை. எந்தச் சொல்லையும் ஒரு தீயோர் கூட்டம் தனக்கே உரிமையாக்கிக்கொள்ள முடியாது. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதன் முதல் பத்து இலட்சம் ரூபாய். அது நாற்பதாயிரம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பங்கின் விலை 25 ரூபாய். செல்வர் சிலர் மட்டும் அன்றி நாட்டு மக்கள் பலரும் பங்கேற்க வேண்டும் என்னும் நோக்கத்தை அந்தச் சிறு தொகையில் காணலாம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓடிற்று. 1908இல் அவர் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி முடிவுற்றது. ஐந்து ஆண்டுகளே வாழ்ந்த அந்தக் கம்பெனியில், பங்கு என்னும் சொல் மீண்டும் தன் பொருளைப் பெற்றது.

நாடகக் கம்பெனிகளையும் நான் மறக்கவில்லை. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர் நாடக சபையை ஏற்படுத்தினார். அத்தகைய குழுக்களைச் சபை என்று பெயரிட்டாலும், மக்கள் கம்பெனி என்றே அழைத்தனர். நடிகர்கள் தங்கிய இடத்துக்குக் கம்பெனி வீடு என்று பெயர். அங்கே இளம் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் பாடம் கற்று, ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். அவர்கள் பட்ட துன்பங்களும் உண்டு. ஆயினும் ஒரே உலையில் வெந்த சோற்றைப் பகிர்ந்துகொண்ட அக்கூட்டத்துக்குக் கம்பெனி என்னும் பெயர் இலத்தீன் மூலத்தோடு எவ்வளவு பொருந்துகிறது, பாருங்கள்!

இறுதியாக, மொழி பயிலும் உங்களுக்கு ஒரு சொல். ஜே. ஆர். பெர்த் என்னும் ஆங்கில மொழியியலறிஞர், சில ஆண்டுகள் லாகூரில் ஆசிரியராக இருந்தவர். ஒரு சொல்லை அது சேர்ந்து பழகும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்னும் கருத்தை 1957இல் அவர் வெளியிட்டார். சேர்ந்து பழகுதல் என்பதைக் குறிக்க அவர் ஆண்ட சொல் எது தெரியுமா? கம்பெனி என்பதே. ஆகவே, அகராதியில் முதலில் கண்ட பொருளைப் பற்றிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். சொல்லின் முன்னும் பின்னும் நிற்பவர் யாவர் என்று பாருங்கள். 'எ' நிற்கிறதா, 'கீப்' நிற்கிறதா, 'பார்ட்' நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு அதன் வேரையும் தேடுங்கள்.

நாளை நீங்கள் கல்வி முடித்து ஏதேனும் ஒரு கம்பெனியில் சேரக்கூடும். சிலர் கம்பெனிகளைத் தொடங்கவும் கூடும். அன்று அச்சொல்லில் உள்ள ரொட்டியை நினைவுகொள்ளுங்கள். உழைத்தவர் அனைவருக்கும் அதில் பங்கு சேர்கிறதா என்று கேளுங்கள். 'அவன் தீயோருடன் கூடிப் பழகுகிறான்' என்று என் ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த அந்தத் தாள் இன்று என்னிடம் இல்லை. ஆனால் அவர் காட்டிய ரொட்டியை நான் மறக்கவில்லை.